இருட்டில் சும்மா இருக்கிற சிலிக்கன்

வஞ்சுளவல்லிக்குக் கோபம் வந்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏழு நாற்பது பஸ் ஏறும்போதே வந்துவிடும். ராஜபாளையத்தில் இறங்குவதற்குள் அது ஆறிவிட்டால் அன்றைக்குக் கல்லூரியில் எல்லாரும் தப்பித்தார்கள். ஆறாவிட்டால் முதலில் மாட்டுகிறவர் மாரிசாமி. 1993ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில், நடுவில் ஒரு நான்கு நாள் தவிர, அந்தக் கோபம் ஆறவே இல்லை.

காரணம் டெல்லியிலிருந்து வந்த ஒரு கடிதம். நான்கு வருஷமாக அரசு உதவியில் நடக்கும் அவளுடைய ஆராய்ச்சியைப் பார்க்க டிசம்பர் இருபதாம் தேதி ஒரு குழு வருகிறது. தனித்தனியாக மூன்று தடவை செய்த மூன்று ஒளி வால்வுகள் குழுவின் கண் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திட்டம் அத்தோடு சரி. சிலிக்கன் படலம் போடும் இயந்திரத்தைக் கழற்றி, மரப்பெட்டியில் அடைத்து, வடக்கே வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும்.

அந்த இயந்திரம் அவள் பிள்ளை மாதிரி என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் உண்மை அதுதான். எண்பதுகளில் பெங்களூரில் ஆராய்ச்சி முடித்தவள், அங்கேயே கிடைத்த வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் வந்து, ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். "மில்லு ஊர்ல போய் மெல்லிய படலமா?" என்று பெங்களூரில் சிரித்தார்கள். ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்த மாரிசாமியைத் தற்காலிக வேலைக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு பேருமாக ஒவ்வொரு குழாயாகப் பூட்டி அந்த இயந்திரத்தை நிற்க வைத்தார்கள். காற்றை உறிஞ்சும் பம்ப் முதல் நாள் போட்ட சத்தத்தைக் கேட்டு வாட்ச்மேன் தெருவுக்கே ஓடிவிட்டான்.

செய்ய வேண்டிய சாமான் என்னவோ பார்க்கச் சின்னது. உள்ளங்கையில் அடங்கும் இரண்டு கண்ணாடிகள். நடுவில் திரவப் படிகம், கைக்கடிகாரத்தில் எண்களைக் காட்டுகிறதே அதே சரக்கு. ஒரு கண்ணாடியின் உட்புறத்தில், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசாக ஒரு சிலிக்கன் படலம். படலத்தின் பக்கம் மங்கலான ஒரு படத்தைக் காட்டினால், வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் சிலிக்கன் மின்சாரத்துக்கு வழிவிடும். அந்த இடத்தில் மட்டும் திரவப் படிகம் திறந்துகொள்ளும். மறுபக்கம் பெரிய விளக்கைப் போட்டால் அதே படம் பளிச்சென்று சுவர் முழுக்க விழும். வெளிச்சத்தைக் கொண்டே வெளிச்சத்தைத் திறந்து மூடுவதால் அதற்கு ஒளி வால்வு என்று பெயர்.

இதில் எல்லா வம்பும் சிலிக்கனிடம்தான். வெளிச்சம் படாத இடத்தில் அது வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். வஞ்சுளவல்லியின் படலங்கள் சும்மா இருக்கவில்லை. இருட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் கசியவிட்டன. அதனால் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாகிப் படமே பழைய வேட்டி மாதிரி வெளுத்துப்போனது. படலத்தைத் தடிமனாக்கிப் பார்த்தாள், கண்ணாடியிலிருந்து உரிந்து வந்தது. மெல்லிசாக்கினாள், இன்னும் கசிந்தது. வாயுக்களின் அளவை மாற்றி, மின்சாரத்தின் அளவை மாற்றி, ஒரு நோட்டு முழுக்க எழுதித் தள்ளியாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. அவள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். விஜயதசமிக்கு மறுநாள் வந்து பார்த்தால், மேஜைமேல் மூன்று புதுக் கண்ணாடிகள், படலம் போட்டு, துடைத்து, வரிசையாக இருந்தன.

"யார் ஓட்டினது?"

"நான்தான் மேடம்," என்றார் மாரிசாமி. அவருக்கு நாற்பது வயசு இருக்கும். மம்சாபுரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். "விஜயதசமி அன்னைக்கு மிஷின சும்மா போடக் கூடாதுல்லா. நோட்டுல நீங்க எழுதி வெச்சிருந்தபடிக்கு ஒரே ஒரு ஓட்டம் ஓட்டினேன். ஒண்ணு கூட மாத்தல."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் எதற்கும் அளந்து பார்ப்போம் என்று முதல் கண்ணாடியை எடுத்துக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்தாள். மீட்டர் முள் நகரவில்லை. ஒயர் கழன்றிருக்கும் என்று நினைத்துத் திரும்பப் பூட்டினாள். அப்போதும் நகரவில்லை. பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தாள். முள் துள்ளி எழுந்தது. மூடினாள். படுத்துவிட்டது. இருட்டில் அவ்வளவு சமர்த்தான ஒரு சிலிக்கனை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள், அது கூடத் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் நான்கு நாள் நீடித்தது. அதே நோட்டு, அதே அளவு, அதே வாயு என்று அடுத்த ஓட்டம் போட்டார்கள், கசிந்தது. அதற்கடுத்ததும் கசிந்தது. மாரிசாமியையே தனியாக ஓட்டச் சொல்லி அவள் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், அதுவும் கசிந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் ஒன்பது ஓட்டங்கள் ஓடிவிட்டன. ஒன்பதும் பழைய வேட்டி.

கல்லூரி முழுக்க ஆளுக்கொரு யோசனை. முதல்வர் வேங்கடேசன் நல்ல மனுஷர், யாரையும் நோகடிக்க மாட்டார், எதையும் முடிவு செய்யவும் மாட்டார். அவர் அவளைக் கூப்பிட்டு, "அம்மா, நாள் பாத்து ஓட்டினா என்ன? விஜயதசமியில வந்துதே," என்றார்.

"சார், சிலிக்கனுக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியாது."

"இல்லேன்னா அந்த மூணு பிளேட்டையே மூணு ஓட்டம்னு காட்டிடுங்களேன். யாருக்குத் தெரியப் போறது?"

தனக்குத் தெரியுமே என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். ஆனால் அந்த யோசனை அவளை இரண்டு நாள் அரித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பொய் சொன்னால் இயந்திரம் தங்கும். ஆனால் ஏன் நன்றாக வந்தது என்று தெரியாத ஒரு சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குருட்டாம்போக்கில் வந்ததைத் தன்னுடைய வடிவமைப்பு என்று காட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

வேறு வழியில்லாமல் அந்த மூன்று கண்ணாடிகளையே திரும்பத் திரும்ப அளந்தாள். முன்பு ஒரே ஒரு ஓரத்தில் மட்டும் அளந்திருந்தாள், இப்போது ஓரத்திலிருந்து ஓரம் வரை புள்ளி புள்ளியாக அளந்தாள். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. கண்ணாடி முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஒரு ஓரத்தில் கசிவு மிகமிகக் கம்மி, எதிர் ஓரத்துக்குப் போகப் போகக் கூடியது, கடைசியில் வழக்கமான கசிவுக்கே வந்துவிட்டது. மூன்றிலும் அதே கதை. கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பின்பக்கத்தில், நல்ல ஓரத்துக்குப் பக்கத்தில், காலணா அளவுக்கு மங்கலாக ஒரு வட்டம். எதையோ சுரண்டி எடுத்த தடம். மூன்றிலும் அதே இடத்தில்.

"மாரிசாமி, இங்க வாங்க. இது என்ன?"

மாரிசாமி பார்த்தார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மழை நாளில் என்ன வேர்வை?

"சொல்லுங்க."

"மேடம், நீங்க கோவப்படக் கூடாது."

"அது நீங்க சொல்றதப் பொறுத்து."

"பொட்டு மேடம்."

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. போன வருஷம் ஆயுத பூஜை அன்று மாரிசாமி இயந்திரத்துக்குள் எட்டிப் பார்க்கும் கண்ணாடி ஜன்னலிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். அதை வழித்தெடுக்க அவளுக்கு அரை நாள் போயிற்று. முதல்வரிடம் சொல்லி, ஆய்வகத்துக்குள் சந்தனமோ குங்குமமோ வரக் கூடாது, மீறினால் வேலை கிடையாது என்று மெமோ வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அந்த மெமோ இன்னும் கதவில் ஒட்டியிருக்கிறது.

"மெமோவுக்குப் பொறவு மிஷின்ல தொடல மேடம். சத்தியமா தொடல. ஆனா பூசை அன்னைக்கு ஒரு ஆயுதத்துக்காவது பொட்டு வைக்காம எப்படி? மில்லுல இருவது வருசம் இருந்தவன், ஸ்பானருக்குக் கூட வெச்சிருவோம். அதான் வீட்டுலேர்ந்து கரைச்சுக் கொண்டாந்து, அடுத்து ஓட்டறதுக்கு இருந்த மூணு கண்ணாடிக்கும் பின்னாடி வெச்சேன். முன்பக்கத்துல விரல் படக் கூடாதுன்னு நீங்க சொல்லிருக்கீக. பின்பக்கம் பத்தி ஒண்ணும் சொல்லலியே. மறுநா ஓட்டும்போது, பூசைப் பொட்ட அழிக்க மனசு வரல, அப்படியே வெச்சு ஓட்டிட்டேன். பொறவு கருகிக் கெடந்தத பிளேடால சுரண்டிட்டேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நல்லா வந்துருச்சே மேடம். சாமி குடுத்ததுன்னு இருந்தேன். சொன்னா வேலையும் போயிரும், சாமியும் போயிரும்."

வஞ்சுளவல்லி எழுந்தாள். மாரிசாமி ஒரு அடி பின்னால் போனார். அவள் அவரைத் தாண்டிப் போய் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே கண்ணாடி உட்காரும் சூட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டு தட்டையாக இருந்தது. கண்ணாடி அதன்மேல் படுத்திருக்கும், தட்டின் சூடு கண்ணாடிக்கு ஏறும், தட்டுக்குள் இருக்கும் மீட்டர் இருநூற்றைம்பது டிகிரி காட்டும். நான்கு வருஷமாக அவள் நோட்டில் எழுதியது தட்டின் சூட்டை. அதுதான் கண்ணாடியின் சூடும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டு எம்புட்டு கனமா வெச்சீங்க?" என்று கேட்டாள். அவசரத்தில் அவள் வாயிலும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"கொஞ்சம் கெட்டியாத்தான் வெச்சேன் மேடம். மன்னிச்சிருங்க."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். பொட்டு இருந்த ஓரம் தட்டைத் தொடல. தூக்கிட்டு நின்னிருக்கு. உள்ளதான் காத்தே கிடையாதே, தொடாத இடத்துக்கு சூடு எப்படி ஏறும்? அந்த ஓரம் சூடு கம்மியா இருந்திருக்கு, மாரிசாமி! சூடு கம்மியா இருந்த இடத்துலதான் படலம் நல்லா வந்திருக்கு!"

மாரிசாமிக்குப் பாதிதான் புரிந்தது. வேலை போகவில்லை என்பது மட்டும் முழுசாகப் புரிந்தது.

ஆனாலும் அவள் உடனே துள்ளிவிடவில்லை. சந்தனம் கருகி அதிலிருந்து ஏதாவது படலத்துக்குள் புகுந்திருந்தால்? மாரிசாமி மில்லில் இடைவெளி பார்க்க வைத்திருந்த எஃகுத் தகடுகளில் ஒன்றைச் சின்னதாக வெட்டி, கழுவி, பொட்டு இருந்த இடத்தில் வைத்து ஓட்டினார்கள். சந்தனம் கிடையாது, குங்குமம் கிடையாது, வெறும் இடைவெளி. தூக்கி நின்ற ஓரம் இருட்டில் வாயே திறக்கவில்லை. பிறகு சூடு பார்க்கும் மெல்லிய கம்பியைக் கண்ணாடியிலேயே ஒட்டி அளந்தார்கள். தட்டு இருநூற்றைம்பது காட்டும்போது அந்த ஓரம் நூற்றுத் தொண்ணூறில் இருந்தது.

அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே அவள் உட்கார்ந்திருந்தாள். அவமானமாகத்தான் இருந்தது. இருநூற்றைம்பது என்ற எண்ணை அவள் எங்கிருந்து எடுத்தாள்? பெங்களூரில் அவள் வேலை பார்த்த இடத்தில் சூரிய மின்கலம் செய்தார்கள். வெயிலில் எவ்வளவு மின்சாரம் கறக்கலாம் என்பதுதான் அங்கே ஒரே கவலை. அதற்கு இருநூற்றைம்பது சரி. இருட்டில் அது என்ன செய்கிறது என்று அங்கே யாருக்கும் அக்கறையில்லை. ராத்திரியில் மின்கலத்தை யார் கேட்கப் போகிறார்கள்? ஒளி வால்வுக்கோ நேர் எதிர். துளி மின்சாரம் கொடுத்தால் போதும், திரவப் படிகம் அதற்கே திறந்துகொள்ளும். ஆனால் இருட்டில் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். சூட்டைக் குறைத்தால் படலத்தில் ஹைட்ரஜன் அதிகம் தங்கும், தங்கினால் கசிவு குறையும். இது அவள் வகுப்பிலேயே நடத்துகிற பாடம். படித்த படிப்பை விட்டுவிட்டு, பழகிய எண்ணைப் பிடித்துக்கொண்டு நான்கு வருஷம் ஓட்டியிருக்கிறாள். வேறு வேலைக்குச் செய்த சிலிக்கனை இந்த வேலைக்கு வாங்கிக்கொண்டு, அது சரியில்லை என்று திட்டியிருக்கிறாள்.

அதற்கப்புறம் எல்லாம் வேலைதான், பேச்சில்லை. தகட்டை எடுத்தெறிந்துவிட்டுத் தட்டின் சூட்டையே குறைத்தார்கள். நூற்றறுபது வைத்தார்கள், படலம் வெளிச்சத்திலும் தூங்கியது. இருநூற்றுப் பத்து, லேசான கசிவு. கண்ணாடியில் நூற்றுத் தொண்ணூறு நிற்கும்படி வைத்தபோது கண்ணாடி ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே மாதிரி வந்தது. மார்கழி பிறந்த வாரத்தில் தனித்தனியாக மூன்று ஓட்டம், மூன்று கண்ணாடி, மூன்று ஒளி வால்வு. முதல் படமாக மாரிசாமி பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்த பஸ் நேர அட்டவணையைச் சின்னதாகப் படமெடுத்துக் காட்டினார்கள். "வத்திராயிருப்பு 6.40" என்று சுவரில் முழ நீளத்துக்கு, கன்னங்கரேலென்று எழுத்து நின்றது. மாரிசாமி கிட்டப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரே ஒரு சங்கடம் பாக்கி. அறிக்கையில் என்ன எழுதுவது? முதல்வர், "முறையான ஆய்வின் மூலம் வெப்பநிலை கண்டறியப்பட்டதுன்னு போடுங்க. பொட்டு கிட்டுன்னு எழுதினா டெல்லியில சிரிப்பா சிரிப்பாங்க," என்றார். மாரிசாமியும் தனியாக வந்து கெஞ்சினார். "மேடம், பொட்டு விசயம் நம்மளோட இருக்கட்டும். மெமோ இருக்கு. நான் தற்காலிகம். வந்தவுக காதுல விழுந்தா என்னையத்தான் மொதல்ல அனுப்புவாக." அவர் வேலையைப் பணயம் வைத்துத் தன் நேர்மையைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்கு என்ன உரிமை? முதல்வர் சொன்னபடியே எழுதினாள். எழுதின வரி நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்திருந்தது.

இருபதாம் தேதி குழு வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் ஆங்கிலம், இந்தி தவிர வேறு தெரியாதவர்கள். தலைவி டாக்டர் கிருபாபாய், நாகர்கோவில்காரர், பெங்களூரில் பெரிய ஆய்வகம் ஒன்றை நடத்துகிறவர். வெள்ளைப் புடவை, தடித்த மூக்குக்கண்ணாடி, சிரிக்காத முகம். மூன்று ஒளி வால்வுகளையும் அவரே மாட்டி, அவரே கழற்றி, விளக்கை அணைத்து அணைத்துப் பார்த்தார். பஸ் நேரங்கள் மூன்று தடவையும் சுவரில் கறுப்பாக நின்றன. மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். வஞ்சுளவல்லிக்கு மூச்சு வந்தது.

கிருபாபாய் தலையாட்டவில்லை. அறிக்கையைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"நூத்தித் தொண்ணூறு. எல்லாரும் இருநூத்தம்பதுல போடுறாங்க. நாலு வருஷம் நீங்களும் அதுலதான் போட்டீங்க. திடீர்னு எப்படித் தோணிச்சு?"

"முறையா வெப்பநிலையை மாத்தி..." என்று ஆரம்பித்தாள் வஞ்சுளவல்லி. முதல்வர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான் பொட்டு வெச்சேன்மா," என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். பம்ப் பக்கத்தில் மாரிசாமி நின்றிருந்தார். துண்டு இடுப்பில் இருந்தது.

"மேடம் மேல தப்பில்ல. நான்தான் சொல்ல வேணாம்னேன். ஆயுத பூசைக்குக் கண்ணாடிக்குப் பின்னாடி சந்தனப் பொட்டு வெச்சேன், அது தட்டுலேர்ந்து கண்ணாடியத் தூக்கிருச்சு, சூடு கொறஞ்சிருச்சு. அது ஏன்னு கண்டுபிடிச்சது மேடம்தான்."

முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். கிருபாபாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பொட்டு எவ்வளவு கனம்?"

"பாயிண்ட் மூணு மில்லிமீட்டர்மா. முந்தின பொட்ட சுரண்டிப்புட்டேன்ல. அதனால வீட்டுல அதே மாதிரி கரைச்சு, அதே மாதிரி வெச்சு, காயப் போட்டு அளந்து பாத்தேன். பத்துப் பொட்டு. அதுல எட்டுப் பொட்டு பாயிண்ட் மூணு, மிச்சம் ரெண்டும் பாயிண்ட் ரெண்டு அஞ்சு."

இது வஞ்சுளவல்லிக்கே தெரியாது. அளந்த தாளை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். நான்காக மடித்திருந்தது. கிருபாபாய் அதை விரித்து வைத்து, பத்து எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடமும் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள், சிரித்தபடியே அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்கள், பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த மிஷின் இங்கயே இருக்கட்டும்," என்றார் கிருபாபாய். "இன்னும் மூணு வருஷத்துக்கு எழுதுறேன். ஆனா இந்தப் பக்கத்தை மாத்துங்க. நடந்தது நடந்தபடி இருக்கணும், இந்தத் தாளும் கூட இருக்கணும்." அறிக்கையை மூடி, மேலட்டையைப் பார்த்தார். அதில் முதல்வர் பேரும் வஞ்சுளவல்லி பேரும் இருந்தன. "இவர் பேர் எங்க?"

வஞ்சுளவல்லிக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவசரமாகப் பேனாவை எடுத்தாள். தன் பேருக்குப் பக்கத்தில் "மாரிசாமி" என்று எழுதப் போனவள் பாதியில் நிறுத்தினாள். நான்கு வருஷம். தினமும் எட்டு மணி நேரம். எத்தனை ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பாள்.

"மாரிசாமி," என்றாள் மெல்ல. "உங்க இனிஷியல் என்ன?"

"ஐ, மேடம். ஐயாதுரை, எங்க அய்யா பேரு."

அவள் எழுதினாள். அவர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, எழுத்து காய்கிறவரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.